நாலு கன்று நட்டால் சுனாமி நிற்குமா?

பேராக்கின் பாகான் டத்தோ வாசகி ஒருவர் கேட்கிறார்: "தோட்ட வேலையில் ஓய்வு பெற்ற பணத்தில் பண்டுக்கு (கடல்நீரைத் தடுக்கும் மண்கரை) உள்ளே வீடு வாங்கினோம். வீட்டுக்கு 300 ரிங்கிட் கொடுத்தால் பாக்காவ் (அலையாத்தி மரம்) கன்று நட்டுத் தருவதாகவும், அப்புறம் சுனாமி பயமே இல்லை என்றும் ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள், அம்மா.

2004 டிசம்பர் 26 சுனாமியில் மலேசியாவில் இறந்தவர்களில் பெரும்பாலோர் பினாங்கு, கெடா பக்கம். உங்கள் கரையை சுமத்ரா மறைத்தது. உங்களை அடிக்கடி பதம் பார்ப்பது பெரிய ஏற்றநீரும் கரை அரிப்பும்தான்.

பாக்காவ் காடு உதவும். அதன் வேர்க்கூட்டம் நீரின் வேகத்தைக் குறைக்கிறது. ஆனால் நூறு மீட்டர் அகலமாவது அடர்ந்து நிற்க வேண்டும். பெரிய சுனாமிக்கு அதுவும் போதாது: 2011இல் ஜப்பானின் ரிகுசென்தகாத்தா கரையில் சுமார் 70,000 பைன் மரங்களில் ஒன்றுதான் நின்றது. 2004இல் ஊர்களைக் காத்தது என்று தமிழ்நாட்டின் பிச்சாவரம் அலையாத்திக் காட்டைக் காட்டுவார்கள். அங்கே தப்பிய ஊர்கள் மேட்டிலும் கடலுக்குத் தள்ளியும் இருந்தன என்று ஆய்வாளர்கள் வாதிட்டதைச் சொல்ல மாட்டார்கள்.

இந்த ஆட்களிடம் எனக்கு எரிச்சல் அதிகம். மரத்துக்கு ஏற்ற சேறாக இருந்தால், பக்கத்துக் காட்டு விதை மிதந்து வந்து தானே முளைத்திருக்கும். வெறுமையாகக் கிடக்கிறது என்றால் பெரும்பாலும் அலை அரிக்கிறது, அல்லது இடம் மரத்துக்கு ஒத்துவரவில்லை என்று அர்த்தம். நான் பார்த்த ஒரு கரையில் ஆறே மாதத்தில் கன்று கட்டிய குச்சிகள் மட்டும் மிஞ்சின. நட்ட எண்ணிக்கைக்குத்தான் பணம், பிழைத்த எண்ணிக்கையை யாரும் கேட்பதில்லை. அதோடு, அந்தச் சேறு மாநில அரசின் நிலம். அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள், ஆள் மறுநாள் வரமாட்டார்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். வீடு சுங்கை (ஆறு) கடலில் சேரும் வாயருகே இருந்தால் இருபுறமும் எவ்வளவு காடு இருந்தாலும் பலன் குறைவு. தண்ணீர் காட்டோடு மல்லுக்கட்டாது, திறந்த வழியாக ஏறி வரும். படகுக்காகக் காட்டை வெட்டிய சந்தும் அப்படித்தான். அந்தச் சந்துக்கு நேரே வீடு என்றால், காடே இல்லாத இடத்தைவிட நீர் வேகமாக வரலாம். வீட்டைப் பார்க்கும்போது முதலில் அதைப் பாருங்கள்.

பண்டு வடிகால் இலாகாவுக்கு, மரம் வன இலாகாவுக்கு, சேறு நில அலுவலகத்துக்கு. ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டியே வருடம் போய்விடும். ஆகவே பண்டு கசியும் இடத்தை ஏற்றநீர் நாளில் படம் எடுத்து, மூன்று அலுவலகத்துக்கும் ஒரே நாளில் ஒரே கடிதம் கொடுங்கள். பெற்றுக்கொண்ட முத்திரை வாங்காமல் நகராதீர்கள்.