பாதி விலைக்கு வரும் ட்யூபுலர் சக்கரம்: வாங்கலாமா?

கேள்வி: வாரக் கடைசியில் ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் வரை ரோடு பைக் ஓட்டுகிறேன். இப்போது இருப்பது கிளிஞ்சர் டயர். ஒருவர் பழைய கார்பன் வீல்செட்டை ட்யூபுலர் டயரோடு பாதி விலைக்குத் தருகிறார். மாறலாமா?

பதில்: வேண்டாம். ஏன் பாதி விலை என்று முதலில் அவரைக் கேளுங்கள். பந்தயக்காரர்கள் பெரும்பாலும் ட்யூப்லெஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் கழற்றிப் போட்டதுதான் இப்படிக் கைமாறி வருகிறது.

கிளிஞ்சரில் டயரின் விளிம்பு ரிம்மின் கொக்கியில் மாட்டிக்கொள்ளும், டியூப் தனி. ட்யூபுலரில் டியூபை உள்ளே வைத்து டயரைத் தைத்தே விடுவார்கள். அதை ரிம்மில் பசை போட்டு ஒட்ட வேண்டும். எடை குறைவு, ஓட்டமும் மெத்தென்று இருக்கும், சரி. கோவளம் தாண்டிப் பஞ்சரானால்? கிளிஞ்சருக்கு இரண்டு லீவரும் ஒரு டியூபும் பம்பும் போதும். ட்யூபுலருக்கு முழு டயரையே சீட்டுக்கு அடியில் கட்டிக்கொண்டு போக வேண்டும். பஞ்சர் ஒட்டத் தையலைப் பிரித்து, ஒட்டி, மறுபடி தைக்க வேண்டும். எந்தப் பஞ்சர் கடையில் செய்வார்கள்?

பழைய சக்கரம் விற்கும் புரோக்கர்கள் இரண்டு பொய் சொல்வார்கள். ‘இதே ரிம்மில் கிளிஞ்சரும் போடலாம்’ என்பது ஒன்று. கொக்கியே இல்லாத ரிம்மில் எப்படிப் போடுவது? ‘போன வாரம்தான் ஒட்டினோம்’ என்பது இன்னொன்று. காற்றை முழுதாக இறக்கிவிட்டு, இரண்டு கட்டை விரலாலும் டயரைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே சுற்றி வாருங்கள். ஓரிடத்தில் விளிம்பு தூக்கினாலும் அதில் ஏறாதீர்கள். 2003 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் ஸ்பெயின் வீரர் ஹோசேபா பெலோகிக்கு, தார் உருகிய இறக்கத்தில் பின்சக்கரம் சறுக்கி டயர் ரிம்மை விட்டுக் கழன்றது. தொடை எலும்பு முறிந்தது. அவருக்கு ஒட்டிக் கொடுத்தவர்கள் தொழில்முறை மெக்கானிக்குகள்.

நல்ல பசையை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது தனி அவஸ்தை. தீப்பிடிக்கும் சரக்கு என்று விமானத்தில் ஏற்றத் தயங்குவார்கள், வந்தாலும் சுங்கத்தில் காகிதம் கேட்டே சாகடிப்பார்கள். விரல் நீளப் பசைக்கு இத்தனை பாடு!

ஒரே விதிவிலக்கு, வெலோட்ரோம், அதாவது சைக்கிள் பந்தயத்துக்கென்றே கட்டிய சுற்றுத் தடம். டெல்லி இந்திரா காந்தி அரங்கின் மரத் தடம் மாதிரி இடங்களில் கண்ணாடிச் சில்லும் முள்ளும் கிடையாது. அதிகக் காற்றழுத்தத்தில் ஓட்டலாம், பஞ்சரானால் வேறு சக்கரம் பக்கத்திலேயே இருக்கும், ஒட்டித் தர ஆளும் இருப்பார். உங்கள் வீட்டுப் பிள்ளை டிராக் போட்டிக்குத் தயாராகிறது என்றால் ட்யூபுலரை யோசிக்கலாம். அப்போதும் பயிற்சியாளரைக் கேட்டுத்தான், புரோக்கரைக் கேட்டு அல்ல.

நீங்கள் அந்தப் பணத்தில் 28 மி.மீ. கிளிஞ்சர் ஒரு ஜோடி வாங்குங்கள். பிரேக்குக்கு அடியில் அந்த அகலம் நுழைகிறதா என்று முன்பே பாருங்கள். 70 கிலோ எடைக்கு 75 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் போதும். 120 ஏற்றச் சொல்லும் கடைக்கு இரண்டாம் தடவை போகாதீர்கள்.