வாசகர் கேள்வி: கரடி மீன் பிடிக்கும் கரையில்

கேள்வி (கோவை வாசகர்): அருவியின் விளிம்பில் நிற்கும் கரடியின் வாய்க்கு நேராக மீன் துள்ளி வரும் படத்தைப் பார்த்து மலைத்துப்போனேன். அதை எடுக்க எங்கே, எப்போது போக வேண்டும்?

பதில்: நீங்கள் பார்த்தது அநேகமாக அலாஸ்காவின் கட்மாய் தேசியப் பூங்காவில் இருக்கும் புரூக்ஸ் அருவி. உயரம் ஏறக்குறைய 6 அடிதான். முட்டையிடக் கடலிலிருந்து திரும்பும் சாக்கை சால்மன் மீன்கள் அதைத் தாண்டியே ஆக வேண்டும் என்பதால் கரடிகள் அங்கே காத்து நிற்கின்றன. ஜூலையில் போங்கள். ஆகஸ்டில் கரடிகள் வேறு ஓடைகளைத் தேடிக் கலைந்துவிடும். செப்டம்பரில் திரும்பி வரும். ஆனால் அப்போது, முட்டையிட்டு ஓய்ந்து சாகும் மீன்களுக்காக ஆற்றின் கீழ்ப்பகுதியில்தான் அதிகம் சுற்றும்.

என்னைக் கேட்டால் அருவியைவிடக் கடற்கரைதான் என்பேன். அதே அலாஸ்காவில், குக் இன்லெட் என்ற கடற்கழியின் மேற்குக் கரையில், லேக் கிளார்க் தேசியப் பூங்காவில் சில்வர் சால்மன் கிரீக் என்றொரு ஓடை இருக்கிறது. சிறு விமானம் கடற்கரை மணலிலேயே இறங்கும். ஜூனில் கரடிகள் அங்கே கோரைப்புல் மேயும். கடல் வற்றும் நேரத்தில் மணலைத் தோண்டி மட்டி எடுக்கும். ஆகஸ்டில் கோஹோ சால்மன் ஓடைக்குள் வரத் தொடங்கும். பிடித்த மீனைக் கரடி தின்பதைப் பாருங்கள்: முன்பாதத்தால் கூழாங்கற்களோடு சேர்த்து அழுத்தி, தோலைப் பல்லில் கவ்வி இழுக்கும். வயிறு கிழிந்து ஆரஞ்சு நிறச் சினை கல்லில் சிதறினால் அதையும் நாக்கால் வழித்துவிடும். மீன் மலிந்த நாளில் சினை, மூளை, தோல் ஆகிய கொழுப்பு மிகுந்த பாகங்களோடு நிறுத்திக்கொண்டு அடுத்த மீனுக்குப் போய்விடும். மிச்சம் கடற்பறவைகளுக்கு. துள்ளும் மீனைவிட இந்தச் சாப்பாட்டுப் படங்கள்தான் எனக்கு உயர்வு.

கேள்வி (நெல்லை வாசகி): என்னிடம் 100-400 மி.மீ. ஜூம் லென்ஸ் இருக்கிறது. போதுமா?

பதில்: தாராளமாக. ஷட்டர் வேகம் 1/1600 நொடியோ அதைவிட வேகமாகவோ இருக்கட்டும். அதற்காக ஐஎஸ்ஓ, அதாவது கேமராவின் ஒளியுணர்வு அளவு, ஏறினால் ஏறட்டும். வெள்ளை நுரையும் கரும்பழுப்பு ரோமமும் ஒரே சட்டத்தில் வரும்போது நுரை வெளுத்துப்போவதுதான் சங்கடம். எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியை) சற்றுக் குறைத்து, கேமரா பதிந்ததைச் சுருக்காமல் வைத்திருக்கும் ரா கோப்பாக எடுங்கள். ரோமத்தின் இருளைப் பிறகு கணினியில் மீட்டுக்கொள்ளலாம். மேகமூட்டம் உங்களுக்கு நண்பன்.

இதையெல்லாம்விட முக்கியம், ஒரே கரடியைத் தேர்ந்தெடுத்துத் தொடர்ந்து கவனிப்பது. ஒன்று அருவி விளிம்பில் நிற்கும். ஒன்று அருவிக்கடியில் உட்கார்ந்தே பிடிக்கும். ஒன்று தலையைத் தண்ணீருக்குள் விட்டுத் தேடும். பெரிய ஆண் கரடி மற்றவற்றின் மீனைப் பறிக்கும். உங்கள் கரடியின் வழக்கம் பிடிபட்டுவிட்டால், அது பாய்வதற்கு முன்பே விரல் தயாராகிவிடும்.

கேள்வி (திருச்சி வாசகர்): எவ்வளவு அருகே போகலாம்?

பதில்: கட்மாயில் மீன் பிடிக்கும் கரடியிடமிருந்து 50 கஜம், அதாவது சுமார் 45 மீட்டர் விலகியிருக்க வேண்டும். அந்த விதியை மனதார ஆதரிக்கிறேன். குளிர்காலம் முழுக்க உண்ணாமல் குகையில் கிடக்கப்போகும் விலங்கு அது. எடையில் மூன்றில் ஒரு பங்குவரை அங்கே கரைந்துவிடும். அதனால்தான் பெரிய ஆண் கரடிகள் இலையுதிர் காலத்துக்குள் 450 கிலோவைத் தாண்டக் கொழுக்கின்றன. உங்களைக் கண்டு கரடி மீனைப் போட்டுவிட்டு நகர்ந்தால், அதன் குளிர்காலச் சேமிப்பில் நீங்கள் கைவைத்துவிட்டீர்கள். தலையை நிமிர்த்தி உங்களையே உற்றுப் பார்த்தாலும் நெருங்கிவிட்டீர்கள் என்றுதான் பொருள், மெதுவாகப் பின்வாங்குங்கள்.

மனிதர்கள் ஒழுங்காக நடந்துகொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு அலாஸ்காவிலேயே இருக்கும் மெக்நீல் ஆறு சாட்சி. அங்கே 1973 முதல் குலுக்கல் முறையில் அனுமதி வழங்குகிறார்கள். கரடிகள் திரளும் பருவத்தில் நாளொன்றுக்குப் பத்துப் பேர்தான். கூடவே காவலர் வருவார். அந்த ஏற்பாடு வந்தபின் கரடியால் ஒரு பார்வையாளருக்கும் காயமில்லை. ஆற்றங்கரைக்குத் தின்பண்டம் எதுவும் கொண்டுபோகாதீர்கள். கரடி எதிரே வந்தால் குழுவாகச் சேர்ந்து நில்லுங்கள், ஓடவே கூடாது.

கேள்வி (மதுரைக் கல்லூரி மாணவர்): அலாஸ்காவுக்குப் போக வசதியில்லை. என்ன செய்யலாம்?

பதில்: புரூக்ஸ் அருவியை இணையத்தில் நேரலையாகக் காட்டும் கேமராக்கள் இருக்கின்றன, இலவசமாகவே. ஜூலையில் நமக்கு இரவு ஒன்பதரை என்றால் அங்கே காலை எட்டு. நம் காலை ஆறரைக்கு அங்கே மாலை ஐந்து, அப்போதும் நல்ல வெளிச்சம் இருக்கும். கல்லூரிக்குக் கிளம்புமுன் அரை மணி நேரம் பாருங்கள். எந்தக் கரடி எங்கே நிற்கிறது, யார் வந்தால் யார் விலகுகிறது என்று நோட்டில் எழுதுங்கள். ஒரு மாதம் எழுதிய பிறகு அந்த நோட்டோடு எனக்குக் கடிதம் போடுங்கள். லென்ஸ் பற்றி அப்போது பேசுவோம்.