பெட்டியில் வயது 3, கணக்கில் தாய்மாமன் வயது

கேள்வி: என் மகனுக்கு 8 வயது, தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு. என் தம்பி தன் பழைய பிளேஸ்டேஷன் 5-ஐ இவனிடம் கொடுத்துவிட்டான். அதில் மண் தடத்தில் கார் ஓட்டும் கேம் இரண்டு. ஒன்று டிஸ்க், மற்றது அவன் இணையத்தில் வாங்கி உள்ளேயே இருக்கிறது. மகன் மாமாவின் பெயரில் உள்ள கணக்கைத் திறந்துதான் விளையாடுகிறான். டிஸ்க் பெட்டியில் 3 என்று போட்டிருக்கிறது. ஆனால் கார்கள் இடித்துக்கொள்கின்றன, உருண்டு விழுகின்றன. இப்படியே போனால் பையன் மாட் ரெம்பிட் ஆகிவிடுவான் என்கிறார் என் மாமியார். இது பிள்ளைகளுக்கு ஏற்றதா?
— ஒரு தாய், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: மாட் ரெம்பிட் பொதுச் சாலையில், தார் ரோட்டில், மோட்டார் சைக்கிளில் சட்டவிரோதமாகப் பந்தயம் விடுகிறவன். உங்கள் வீட்டில் ஓடுவது வேலி போட்ட தடத்துக்குள் மண்ணில் சறுக்கும் கார். மாமியாரின் அக்கறை நியாயம்தான், ஆனால் அவர் பயப்படும் இடம் வேறு, பயப்பட வேண்டிய இடம் வேறு. அந்த இடத்தை நீங்களே கேள்வியின் நடுவில் ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்து போயிருக்கிறீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் அந்த 3. அது ஐரோப்பாவில் கேம்களுக்குப் போடும் பெகி (PEGI) வயது எண். 3, 7, 12, 16, 18 என்று ஐந்து படி. இரத்தம், பயமூட்டும் காட்சி, கெட்ட வார்த்தை, சூதாட்டம் போன்றவற்றைப் பார்த்துப் போடுவது. பின்னணிப் பாட்டில் ஒரு வசவுச் சொல் வந்தாலே எண் ஏறும். கார் நொறுங்கினாலும் ஆள் சாவதைக் காட்டாததால் மண் தடக் கேம்கள் பெரும்பாலும் கீழ்ப்படியிலேயே நிற்கும். மூன்று வயதுப் பிள்ளையால் ஓட்ட முடியும் என்று அந்த எண் சொல்லவே இல்லை. லோயாட் மின்பொருள் வளாகத்தில் கடைக்காரர் "சின்னப் பையனுக்குத்தான்" என்று எடுத்து நீட்டும்போது இதை நினைவில் வையுங்கள்.

ஓட்டுவது உண்மையிலேயே கடினம். மண் தடக் கேம் என்று ஒரே பெயரில் சொல்வது இரண்டு வகை. ஒன்று அமெரிக்கப் பாணி: முட்டை வடிவக் களிமண் தடம், இடப்பக்கம் மட்டுமே வளைவு. ஓஹாயோவில் 1954-இல் கட்டிய எல்டோரா தடம் அரை மைல் சுற்று, ஏறத்தாழ 800 மீட்டர். அதில் ஓடும் ஸ்பிரிண்ட் கார் என்ற பந்தயக் காருக்கு வலது பின் டயர் இடதைவிடப் பெரிது. நேராக விட்டாலே கார் இடப்பக்கம் இழுக்கும். வளைவில் பின்பக்கம் வெளியே சறுக்கும்போது ஸ்டீயரிங்கை வலப்பக்கம் திருப்பித்தான் இடப்பக்கம் போக வேண்டும். எட்டு வயதுக் கை இதற்கு நேர் எதிராகச் செய்யும்: கார் சறுக்கினால் இன்னும் இடப்பக்கம் அழுத்தும், கூடவே ஆக்சிலரேட்டரை முழுக்கப் பிடிக்கும். பின்சக்கரம் வெறுமனே சுழன்று, கார் ஒரு வட்டமடித்துத் தடத்தின் குறுக்கே நிற்கும். பின்னால் வருகிற அத்தனையும் வந்து மோதும். நீங்கள் பார்த்த விபத்துகளில் பாதி இப்படி வந்ததாகத்தான் இருக்கும். பையனுக்கு முரட்டுக் குணம் என்று முடிவு கட்டாதீர்கள். ஆக்சிலரேட்டரான ஆர்2 பட்டனைப் பாதி அழுத்தத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அதைச் சொல்லிக்கொடுக்கலாம். எதிராளிகளே இல்லாத நேரப் பந்தயத்தில் ஐந்து சுற்று விடுங்கள். வளைவுக்கு முன் விரலை எடு, காரைத் திருப்பு, பின்பக்கம் சறுக்கத் தொடங்கியதும் எதிர்ப்பக்கம் திருப்பு, பாதி அழுத்து. கேமின் உதவி அமைப்பில் ஸ்டெபிலிட்டி, டிராக்‌ஷன் கன்ட்ரோல், ஆட்டோ கியர் (கார் நிலைதவறாமலும் சக்கரம் வெறுமனே சுழலாமலும் பார்த்து, கியரைத் தானே மாற்றும் உதவிகள்) இருந்தால் மூன்றையும் போடுங்கள். எதிராளிகளின் திறமையை அடிமட்டத்துக்கு இறக்குங்கள். பிளேஸ்டேஷன் அமைப்பில் கன்ட்ரோலர் பகுதிக்குப் போய் ஆர்2 போன்ற டிரிகர் பட்டன்களின் எதிர்ப்பு விசையை 'வீக்' (குறைவு) என்று மாற்றுங்கள். முன்பே இருப்பது பெரியவர்களின் விரலுக்கு வைத்த கனம். ஐந்து சுற்றும் கவிழாமல் வந்த பிறகு எதிராளிகளைச் சேர்க்கலாம்.

இரண்டாவது வகை ரேலி. காட்டுப் பாதை, தனி ஓட்டம், கடிகாரத்தோடு போட்டி. பக்கத்து இருக்கையில் இருப்பவர் வரப்போகும் வளைவை முன்கூட்டியே வாசிப்பார். பெரும்பாலான கேம்களில் 1 மிகக் குறுகிய வளைவு, 6 லேசான வளைவு. "லெஃப்ட் த்ரீ டைட்டன்ஸ்" என்றால் இடது மூன்று, போகப் போக இறுகும். இதில்தான் சின்னப் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். ஆங்கிலம் வேகமாக வருகிறது. அதோடு, கேட்பது அடுத்த வளைவைப் பற்றி, கை ஓட்டுவது இந்த வளைவில். திரையில் அம்புக்குறியும் வரும். வீட்டில் பெரிய பிள்ளை இருந்தால் அதைப் பார்த்து "வலது ரெண்டு, குறுகிய வளைவு" என்று தமிழில் வாசிக்கச் சொல்லுங்கள். நம் மலேசிய ரேலி ஓட்டுநர் கரம்ஜிட் சிங் 2002-இல் புரோட்டான் காரில் உலக ரேலியின் புரொடக்‌ஷன் பிரிவுப் பட்டத்தை வென்றபோதும் பக்கத்தில் ஆலன் ஓ இருந்தார். உட்கார்ந்து வாசிப்பவர் சும்மா இருப்பவர் அல்லர்.

ஆனால் 2015-இல் கோட்மாஸ்டர்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'டர்ட் ரேலி' போன்றவற்றை எட்டு வயதுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் கார் பள்ளத்தில் விழுந்தால் சில விநாடி பின்னோக்கி ஓட்டிச் சரிசெய்யும் வசதி கிடையாது. ஆறு நிமிடம் ஒழுங்காக வந்து கடைசி வளைவில் மரத்தில் மோதினால் ஆறு நிமிடமும் போச்சு. பெரியவர்களே கன்ட்ரோலரைச் சோபாவில் எறிவார்கள். பதினொன்று, பன்னிரண்டு வயதில் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் தம்பி கொடுத்ததில் ஒன்று அந்த ரகமாக இருந்தால் எடுத்து வையுங்கள்.

சிலருக்குத் தலைசுற்றும். காருக்குள்ளிருந்து பார்க்கும் கேமரா, இருட்டு அறை, திரைக்கு மிக அருகில் உட்காருவது ஆகிய மூன்றும் சேர்ந்தால் இன்னும் அதிகமாகச் சுற்றலாம். காருக்குப் பின்னிருந்து காட்டும் கேமராவுக்கு மாற்றுங்கள், கேமரா குலுங்குவதையும் மோஷன் பிளரையும் (வேகத்தில் காட்சி மங்குவதையும்) அணையுங்கள். கொட்டாவி, வியர்வை, வெளிறிய முகம் தெரிந்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்துங்கள். "இந்த ஒரு ரேஸ் மட்டும்" என்றால் வாந்திதான்.

நேரக்கட்டுப்பாடு விஷயத்தில் எல்லாரும் நிமிடத்தை எண்ணிச் சண்டை போடுகிறார்கள். களிமண் தடத்தில் பத்துச் சுற்று மூன்று நிமிடம்கூட ஆகாது. பந்தயத்தை எண்ணுங்கள்: பள்ளி நாளில் ஐந்து, விடுமுறையில் பத்து. பந்தயம் தானாகவே முடிவதால் அழுகை குறைவு. பிளேஸ்டேஷனின் விளையாட்டு நேர அமைப்பில் நேரம் முடிந்ததும் அறிவிப்பு மட்டும் வர வேண்டுமா, வெளியேற்றிவிட வேண்டுமா என்று கேட்கும். அறிவிப்பை வையுங்கள். கடைசிச் சுற்றில் திரை அணைந்தால் செந்தூலே கேட்கும்.

ஸ்டீயரிங் செட் வாங்கலாமா என்று அடுத்த கடிதம் எழுதுவீர்கள். வேண்டாம், கால் பெடலுக்கு எட்டாது. மொசைக் தரையில் பெடல் வழுக்கிக்கொண்டே போகும்.

இப்போது அந்த ஒரு வரி. மகன் மாமாவின் பெயரைத் திறந்து விளையாடுகிறான் என்றால், அந்த மெஷினின் கண்ணில் அவன் 8 வயதுப் பிள்ளை இல்லை, உங்கள் தம்பி. வயதுத் தடை, செலவுத் தடை, அந்நியரோடு பேசத் தடை எதுவும் அவனுக்குப் பொருந்தாது. இணையப் பந்தயத்தில் மோதியவனுக்கு எதிராளி எந்த மொழியில் அர்ச்சனை செய்வான் என்பதற்கு எந்தப் பெட்டியும் உத்தரவாதம் தராது. உங்கள் தம்பி கார்டு எண்ணைச் சேமித்து வைத்திருந்தால், புதிய கார் ஒன்றுக்கு இரண்டு முறை பட்டனை அழுத்தினால் வெள்ளி பறந்துவிடும்.

அதனால் தம்பியை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிடுங்கள். கார்டை அவர் கணக்கிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். அவர் பெயரை மெஷினிலிருந்து அழித்துவிடாதீர்கள், இணையத்தில் வாங்கிய கேம் அதோடு பூட்டிக்கொள்ளலாம். அவர் கணக்கில் 'கன்சோல் ஷேரிங்' இயங்கும்படி வைத்தால் அந்த மெஷினில் மற்ற கணக்குகளும் அந்த கேமைத் திறக்கலாம். அவர் பெயருக்கு உள்நுழைய நான்கு இலக்க எண் போடுங்கள். பிறகு நீங்கள் உங்களுக்கு ஒரு கணக்குத் தொடங்கி, அதன் கீழ் மகனுக்கு உண்மையான பிறந்த தேதியோடு பிள்ளைக் கணக்கு திறந்து, மாதச் செலவைப் பூஜ்யமாகவும் பேச்சைத் தடையாகவும் வையுங்கள்.

இன்னொரு ஓட்டை இருக்கிறது. விருந்தினராக நுழையவும் புதுப் பயனரை உருவாக்கவும் மெஷின் அனுமதிக்கும். பெற்றோர் கட்டுப்பாட்டில் கன்சோல் தடைகளுக்குள் போய் அதை மூடுங்கள். அங்கே ஒரு எண் கேட்கும். கடையிலிருந்து வரும்போது அது 0000. மாற்றாமல் விட்டால் இரண்டாம் ஆண்டுப் பையன்கள் இடைவேளையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள்.