புனைபெயர் ஊருக்குள் எத்தனை நாள் தாங்கும்?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் டீச்சராக இருக்கிறேன். புனைபெயரில் ஒரு இன்ஸ்டாகிராம் பக்கம் நடத்துகிறேன். ரெஜிஸ்டரில் ஒரு சம்பளம், கையில் ஒரு சம்பளம் என்று நடப்பதையும், பெண்கள் வீட்டிலும் வேலையிலும் படும் பாட்டையும் எழுதுவேன். வாசகிகள் அனுப்புவதையும் பெயர் இல்லாமல் போடுவேன். கருங்கல் பக்கம் தையல் கடை வைத்திருக்கும் ஒருவர் மாமியார் வீட்டுப் பிரச்சினையை எழுதி அனுப்பினார். போட்ட மறுநாளே அது யார் என்று அவர் ஊரில் பேச்சாகிவிட்டது. போன வாரம் எனக்கே ஒரு மெசேஜ்: "டீச்சரே, எழுத்து கொள்ளாம் (நல்லாருக்கு). மேனேஜ்மெண்டுக்குத் தெரிஞ்சா என்ன ஆவும்?" கண்டுபிடித்துவிட்டார்களா? பெயரை மறைத்து எழுதுவது தப்பா? பக்கத்தை அழித்துவிடவா? கணவருக்கும் இது தெரியாது.

பதில்: முதலில் அந்த மெசேஜ். அதில் உங்கள் பெயரும் இல்லை, பள்ளியின் பெயரும் இல்லை. நீங்கள் டீச்சர் என்பது நாலு பதிவு படித்த யாருக்கும் தெரியும். தூண்டில் போட்டுப் பார்க்கிறார்கள் என்றே தோன்றுகிறது. பதில் எழுதாதீர்கள். "நான் டீச்சரே இல்லை" என்று மறுப்பதும் பதில்தான். இன்று ராத்திரியே பக்கத்தை அழித்தால், அனுப்பியவருடைய ஊகத்தை நீங்களே உறுதி செய்ததாகிவிடும்.

மெசேஜை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அனுப்பியவரின் கணக்கு முகவரியையும் தேதி, நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். காட்டும் பெயரை எந்த நிமிடமும் மாற்றிவிடலாம் என்பதால் ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. அதன்பின் பிளாக் செய்யலாம். அடுத்து பணம் கொடு, படம் அனுப்பு, பதிவை எடு என்று ஏதாவது கேட்டால் அது மிரட்டல். நாகர்கோவிலில் மாவட்ட சைபர் கிரைம் போலீஸிடம் போகலாம், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியலாம். 1930 பெரும்பாலும் பண மோசடிக்கான எண். பெண்களுக்கான உதவிக்கு 181 இருக்கிறது. குற்றங்களுக்கான சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 351(4)-ன்படி, பெயரை மறைத்து மிரட்டினால் மிரட்டலுக்கான தண்டனைக்கு மேல் இரண்டு ஆண்டு வரை கூடுதல் சிறை உண்டு.

இனி, கண்டுபிடிக்க முடியுமா என்ற கேள்வி. உங்கள் பக்கத்தைப் பின்னோக்கிப் படித்துப் பார்த்தேன். டிசம்பர் 3 அன்று "இன்னைக்கு லீவு, நிம்மதி" என்று ஒரு பதிவு. கோட்டார் சவேரியார் கோயில் திருவிழாவுக்காக நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு மட்டும் விடுகிற லீவு அது. மாவட்டம் தெரிந்துவிட்டது. அதற்கு ஈடாக எந்தச் சனிக்கிழமை வேலைநாள், அன்று எத்தனை பேர் வரவில்லை என்று அடுத்த வாரம் எழுதியிருக்கிறீர்கள். பள்ளியும் தெரிந்துவிட்டது. இன்னொரு பதிவில் சாயா கிளாஸ் படம், ஜன்னலுக்கு வெளியே மார்த்தாண்டம் மேம்பாலம். புகைப்படக் கோப்புக்குள் இருக்கும் இட விவரத்தை இன்ஸ்டாகிராம் மற்றவர்களுக்குக் காட்டாது. படத்திலேயே தெரிவதை அது என்ன செய்யும்?

அமெரிக்க ஆய்வாளர் லதான்யா ஸ்வீனி 2000-ல் ஒரு கணக்கு வெளியிட்டார். பிறந்த தேதி, பாலினம், ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு, இந்த மூன்று மட்டும் தெரிந்தால் போதும். அமெரிக்க மக்களில் 87 சதவீதம் பேரை ஒற்றை ஆளாகப் பிரித்துவிட வாய்ப்பு உண்டு. பெயரே தேவையில்லை. நம் மாவட்டத்துக்கு வாருங்கள். 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல். வீட்டுக்கு வீடு ஒட்டியிருக்கிறது, யார் வீட்டில் என்ன கறி என்பதுகூட அடுத்த வீட்டுக்குத் தெரியும். "கருங்கல் பக்கம், தையல் கடை, புருஷன் குவைத்தில், மகள் ஏழாம் வகுப்பு" என்று நீங்கள் அப்படியே போட்டிருந்தீர்கள். அதற்குமேல் பெயர் எதற்கு?

இன்ஸ்டாகிராம் கம்பெனி தரப்பில் நடப்பது வேறு. உங்கள் போன் நம்பரும் இணைய இணைப்பின் முகவரியும் அவர்களிடம் இருக்கிறது. சட்டப்படி கேட்டால் கொடுப்பார்கள். டெலிகிராம்கூட 2024-ல் அப்படித்தான் அறிவித்தது. ஆக, புனைபெயர் அக்கம்பக்கத்தாரிடமிருந்து காக்கலாம், அரசிடமிருந்து காக்காது. நிறையப் பேர் இணைய முகவரியை மறைக்கும் விபிஎன் போட்டுவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். ஸ்டாஃப் ரூமில் பக்கத்து நாற்காலிக்காரர் உங்கள் நடையை அடையாளம் கண்டுகொள்வதை எந்த விபிஎன்னும் தடுக்காது.

உடனே பார்க்க வேண்டியவை சில. வேறொரு போனில் உங்கள் பக்கத்தின் பெயரைப் போட்டு "பாஸ்வேர்ட் மறந்துவிட்டது" என்று கொடுத்துப் பாருங்கள். நம்பரின் கடைசி இலக்கங்களோ மின்னஞ்சலின் முதல் எழுத்தோ தெரியலாம். தெரிந்தவருக்கு அது போதும். இந்தப் பக்கத்துக்கென்றே தனி மின்னஞ்சல் வையுங்கள், கான்டாக்ட்ஸ் இணைப்பை அணைத்துவிடுங்கள். யாராவது ஆதரவாகப் பணம் அனுப்புகிறேன் என்றால் யுபிஐ கொடுக்காதீர்கள், வங்கியில் உள்ள பெயர் அப்படியே தெரியும். பலர் மாட்டிக்கொள்வது இதைவிடச் சின்ன விஷயத்தில்: ஒரே போனில் இரண்டு கணக்கு வைத்து, சொந்தக் கணக்கிலிருந்து அந்தப் பக்கத்துப் பதிவுக்கு லைக் போட்டுவிடுவது.

பெயரை மறைத்து எழுதுவது தப்பா? சட்டத்தில் புனைபெயர் குற்றமில்லை. இன்னொருவராக, இல்லாத ஒருவராகக்கூட, நடித்து யாரையாவது ஏமாற்றினால்தான் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி வரும். வேலை போய்விடும் என்ற பயம் உள்ளவர் கையெழுத்துக்கும் கைக்காசுக்கும் உள்ள வித்தியாசத்தைப் புனைபெயரில் எழுதினால் நான் அதை நியாயம் என்றே சொல்வேன். ஆனால் அவதூறு வழக்கு புனைபெயருக்கும் வரும். குற்ற வழக்காக வந்தால் உண்மை என்பது மட்டும் தற்காப்பாகாது, பொது நன்மைக்காகச் சொன்னதாகவும் இருக்க வேண்டும்.

இங்கே ஒரு கோடு இருக்கிறது. கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடுவது தொடர்பாக 1994-ல் உச்ச நீதிமன்றம் அதைப் போட்டுக் காட்டியது: நீதிமன்றப் பதிவேடு போன்ற பொது ஆவணங்களில் உள்ளதை, அரசு ஊழியர் பணியில் செய்ததை எழுதலாம், ஒருவருடைய குடும்பம், திருமணம், பிள்ளை பெறுவது பற்றி அவர் சம்மதம் இல்லாமல் எழுதக்கூடாது. 2017-ல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றே அறிவித்தார்கள். இதை உங்கள் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சம்பளக் கணக்கு ஊர் விஷயம். ஹெச்எம் வீட்டுச் சண்டையைப் பற்றி மார்ச்சில் எழுதியிருக்கிறீர்களே, அது ஊர் விஷயமில்லை. எடுத்துவிடுங்கள். மாணவர்களின் படமோ பெயரோ எந்தக் காரணத்துக்கும் வேண்டாம்.

என்னை உறுத்துவது உங்கள் பயத்தைவிட அந்தத் தையல்கடைப் பெண்ணின் நிலைமை. நீங்கள் மாட்டினால் உங்களுக்கு வேலை போகலாம். அவர் ஏற்கெனவே மாட்டிவிட்டார், அதே வீட்டில் அதே மாமியாரோடு இருந்தாக வேண்டும். அவர் சம்மதித்துத்தானே அனுப்பினார் என்பீர்கள். தன் கதையை எழுதச் சம்மதித்தார். இத்தனை அடையாளத்தோடு வரும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். மாமியாரிடம் யாரும் கேட்கவே இல்லை. அந்தப் பதிவை இன்றே எடுங்கள். ஸ்கிரீன்ஷாட் சுற்றிக்கொண்டிருக்கலாம், இருந்தாலும் எடுங்கள். எடுத்த பின் அவரிடம் பேசி, என்ன செய்ய வேண்டும் என்று அவரையே கேளுங்கள். விளக்கம் எழுதுகிறேன் என்று நீங்களாகக் கிளம்பாதீர்கள், பேச்சு இன்னும் பெரிதாகும்.

இனி இப்படி வருவதைப் போடும்போது ஊர், தொழில், பிள்ளைகளின் வயது எல்லாவற்றையும் மாற்றுங்கள், மாற்றியிருப்பதாகவும் எழுதுங்கள். ஓரிரு மாதம் கழித்துப் போடுங்கள். "உங்க மைனி வாசிச்சா கண்டுபிடிப்பாங்களா?" என்று எழுதியவரிடம் கேட்டு, முழுப் பதிவையும் காட்டிச் சம்மதம் வாங்கிய பிறகு போடுங்கள். வாசகிகள் அப்படி அனுப்பிய மெசேஜை வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். உங்கள் போன் நாளை யார் கையில் இருக்குமோ.

உங்கள் சொந்தப் பதிவுகளில் டிசம்பர் 3, சனிக்கிழமை, மேம்பாலம் மூன்றையும் ஒரே நாளில் எடுக்காமல், ஒன்றிரண்டு மாதத்தில் வேறு பழைய பதிவுகளோடு கலந்து ஒவ்வொன்றாக எடுங்கள்.

கணவரிடம் சொல்வதா என்பது உங்கள் வீட்டு விஷயம், அதில் நான் தலையிட மாட்டேன். அவரோ, அக்காவோ, நம்பகமான தோழியோ, யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும். அந்த ஆள் அடுத்த மெசேஜ் அனுப்பினால் நாகர்கோவிலுக்கு நீங்கள் தனியாகப் பஸ் ஏற வேண்டாம்.