கேள்வி – பதில்: ஒன்றரை சதவீத வெளிச்சம்

கேள்வி: துடிக்கும் விண்மீன்கள் சிலவற்றைச் சுற்றி உறை மாதிரி ஏதோ இருக்கிறதாம். எவ்வளவு பெரிய தொலைநோக்கியில் பார்த்தாலும் விண்மீன் புள்ளிதானே? அப்புறம் உறை மட்டும் எப்படித் தெரிகிறது?

பதில்: நியாயமான சந்தேகம். துருவ விண்மீனையே எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் துடிக்கிற ரகம்தான். செஃபீட் வகை, ஏறக்குறைய 4 நாளுக்கு ஒருமுறை லேசாக விரிந்து சுருங்கும். இங்கிருந்து அதன் வட்டு எவ்வளவு பெரிது என்றால், 1,700 கிலோமீட்டர் தள்ளி வைத்த ஒரு நாணயம் அளவு. 8 மீட்டர் ஆடி உள்ள தொலைநோக்கியும் தனியாக இதைப் பிரித்துக் காட்டாது.

அதனால் தள்ளித் தள்ளி நிற்கும் தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்றாகச் சேர்க்கிறார்கள். கலிபோர்னியாவில் வில்சன் மலையிலுள்ள சாரா அமைப்பில் 1 மீட்டர் தொலைநோக்கிகள் ஆறு, அதிகபட்ச இடைவெளி சுமார் 330 மீட்டர். சேர்ந்த ஒளி, பள்ளியில் யங் இரட்டைப் பிளவுச் சோதனை படித்தோமே, அதே மாதிரி வெளிச்சமும் இருட்டுமாகக் குறுக்கீட்டுப் பட்டைகளைத் தரும். வெறும் வட்டு மட்டும் இருந்தால் அந்தப் பட்டைகள் எவ்வளவு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுவிடலாம். நெருங்கி நிற்கும் தொலைநோக்கி ஜோடிகளில் பார்க்கும்போது அதைவிடக் கொஞ்சம் மங்கியிருந்தால், சுற்றிலும் பரவிக் கிடக்கும் வேறு ஏதோ ஒளி வந்து கலக்கிறது, அவ்வளவுதான் ரகசியம். 2006-இல் துருவ விண்மீனிலும் டெல்டா செஃபீ என்ற இன்னொரு செஃபீடிலும் உறை இப்படித்தான் பிடிபட்டது. அது தூசியா, அயனியான வாயுவா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

அகச்சிவப்பில் வரும் வெளிச்சத்தில் உறையின் பங்கு சுமார் 1.5 சதவீதம்தான். இதற்கா இவ்வளவு பாடு என்று தோன்றும். ஆனால் துடிப்புக் காலத்தை வைத்து உண்மையான பிரகாசத்தையும் அதிலிருந்து தொலைவையும் கணிக்க வழிகாட்டிய வானியலாளர் ஹென்ரியெட்டா லெவிட்டின் 1912 விதி நிற்பதே செஃபீட்கள் மேல்தான். உறையின் வெளிச்சத்தையும் விண்மீன் கணக்கிலேயே எழுதிவிட்டால் தொலைவு பிசகும்.

சரி, படமாகப் பார்க்க வேண்டுமா? ஆர்எஸ் பப்பிஸ் என்ற செஃபீடை ஹப்பிள் எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள். 41 நாளுக்கு ஒருமுறை அது துடிக்க, அந்த வெளிச்சம் சுற்றியுள்ள தூசியில் எதிரொலி போல நகர்ந்து போவது தெரியும். அற்புதமான காட்சி, ஆனால் அந்தத் தூசியில் பெரும்பகுதி விண்மீன் கக்கியதல்ல, முன்பே அங்கே கிடந்ததுதான் என்பது அதை ஆராய்ந்தவர்களின் கணிப்பு.