குட்டிக்குத் தகப்பன் எந்தக் கழுதை: முடி மாதிரி திரும்பி வந்தது பற்றி

இரண்டு ஆண் கழுதைகளில் குட்டிக்குத் தகப்பன் எது என்று அறிய நீங்கள் அனுப்பிய முடி மாதிரியை ஆய்வகம் திருப்பிவிட்டது என்கிறீர்கள். கத்தரியால் வெட்டிய முடியை அனுப்பியதால்தான் ‘டிஎன்ஏ போதவில்லை’ என்று திருப்பியிருப்பார்கள். தகப்பனைக் கண்டுபிடிக்க உதவும் டிஎன்ஏ முடியின் வேரில் இருக்கிறது. தண்டில் மிஞ்சுவது பெரும்பாலும் தாய்வழி வருவதுதான். பிடுங்கி அனுப்புங்கள்.

குட்டியின் பிடரி முடி பஞ்சு மாதிரி, பாதியில் அறுந்துவிடும். வால் முடியை எடுங்கள். நாலைந்து முடியை விரலில் சுற்றி வெடுக்கென்று இழுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடியில் வெளுத்த சின்னக் குமிழ் தெரிந்தால்தான் அது உதவும். அப்படி 30 முடியாவது சேருங்கள். உங்கள் மண்டபம் ஊரின் கடற்காற்றில் எல்லாமே நமுத்துப்போகும். காய்ந்த முடியைக் காகித உறையில் போடுங்கள், பிளாஸ்டிக் பை வேண்டாம். இரண்டு ஆணும் ஒரே சாம்பல் நிறம் என்கிறீர்கள், அதனால் எடுத்த கையோடு உறைமேல் பெயர் எழுதிவிடுங்கள்.

தாயின் முடியும் கட்டாயம் வேண்டும். தாய் கொடுத்த பாதியைக் கழித்தால்தான் தகப்பன் கொடுத்த பாதி தெளிவாகும். டிஎன்ஏவில் ஒப்பிடும் இடங்கள் பலவற்றில் பொருந்தாத ஆண் கழுதையை ஒதுக்கிவிடலாம். ஒரே இடத்தில் மட்டும் பொருந்தாவிட்டால் மரபணுப் பிறழ்வாகவும் (டிஎன்ஏவில் தற்செயலாக நேரும் மாற்றம்) இருக்கலாம், அவசரப்படாதீர்கள். ஆண்கள் இரண்டும் கூடப்பிறந்தவை என்றால் ஆய்வகத்தில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பணம் கட்டுமுன் கழுதைக்கான சோதனையா என்று கேளுங்கள். குதிரைக்கு வைத்த குறியிடங்களில் (டிஎன்ஏவில் ஒப்பிடும் இடங்கள்) சில கழுதையிடம் வேலை செய்யாது.

இந்தச் சோதனை தகப்பனைச் சொல்லும். குட்டி ‘மினியேச்சர்’ எனும் குள்ளக் கழுதை இனம் என்று சான்று தராது. 36 அங்குல உயரத்துக்குள் இருப்பது மட்டும் போதாது, நம்மூர்க் கழுதையும் குள்ளம்தான். குட்டியை வாங்க வருபவரிடம் அந்தச் சான்று இல்லை என்பதைச் சொல்லியே விலை பேசுங்கள்.