நூறு மில்லியனுக்குள் மூன்று நட்சத்திரங்கள் அடங்குவார்களா?

கேள்வி: ஃபேன்டஸி பிரீமியர் லீகில் (இங்கிலாந்து பிரீமியர் லீகின் நிஜ வீரர்களில் பதினைந்து பேரை நூறு மில்லியன் கற்பனைப் பணத்துக்குள் வாங்கி, அவர்கள் மேட்சில் ஆடுவதற்கேற்பப் புள்ளி எடுக்கும் இணைய விளையாட்டு) 2025-26 சீசனுக்கு முதல் முறையாக அணி போடுகிறேன். ஃபார்வர்டு ஹாலண்ட், மிட்ஃபீல்டர்கள் சலா, பால்மர் மூவரையும் எடுத்துவிட்டேன். அவர்களோடு சேர்த்துப் பதினொரு பேர் தேறிவிட்டார்கள். இன்னும் ஒரு கோல்கீப்பர், ஒரு டிஃபெண்டர், ஒரு மிட்ஃபீல்டர், ஒரு ஃபார்வர்டு வேண்டும். கையில் 14 மில்லியன்தான் இருக்கிறது. யாரைப் போட்டுப் பார்த்தாலும் பட்ஜெட்டைத் தாண்டுகிறது. டெலிகிராமில் ஒருவர், கட்டணம் கொடுத்தால் மூன்று பேரையும் அடக்கி 'உறுதியான' அணி போட்டுத் தருகிறேன் என்கிறார். என் லாகின் விவரத்தைக் கொடுத்தால் அவரே போட்டுவிடுவாராம். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். முதலில் கணக்கைப் பேசிவிட்டு அந்த ஆளிடம் பிறகு வரலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நீங்கள் இதைப் படித்து முடிப்பதற்குள் பணத்தை அனுப்பிவிடக்கூடும். அதனால் அவரை முதலில் முடித்துவிடுவோம்.

இப்படி விற்பவர்கள் செய்யும் வேலை ரொம்ப எளிது. பத்துக் குழுக்கள் நடத்துவார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் வேறு வேறு கேப்டனை, அதாவது அந்த வாரம் புள்ளி இரட்டிப்பாகும் ஆளை, சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு எது பலித்ததோ அந்தக் குழுவின் ஸ்கிரீன்ஷாட் மட்டும் மற்ற ஒன்பது குழுக்களுக்கும் போகும். பலிக்காத ஒன்பதைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள். ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள், டீம் ஐடியை (விளையாட்டில் அவருடைய அணிக்குரிய எண்) கேளுங்கள். ஒவ்வொரு வாரமும் டெட்லைன் முடிந்த பிறகு யாருடைய அணியையும் யார் வேண்டுமானாலும் விளையாட்டின் தளத்திலேயே திறந்து பார்க்கலாம். முந்தைய சீசன்களில் அவர் எந்த ரேங்கில் முடித்தார் என்பதும் அங்கேயே இருக்கும். ஐடி கேட்டதும் பெரும்பாலும் பேச்சு நின்றுவிடும், அல்லது நீங்கள் குழுவிலிருந்து நீக்கப்படுவீர்கள். இரண்டுமே உங்களுக்கு லாபம்.

லாகின் விவரம் கேட்பவரிடம் பேச்சே வைத்துக்கொள்ள வேண்டாம். விளையாட்டு இலவசம். அணியைப் பதிவு செய்ய ஒரு பைசா கூடத் தேவையில்லை. உங்கள் பாஸ்வேர்டு இன்னொருவருக்கு எதற்கு? அதே பாஸ்வேர்டை மின்னஞ்சலுக்கும் வைத்திருப்பீர்கள் என்பது அவருக்குத் தெரியும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். "மூவரையும் அடக்கித் தருகிறேன்" என்பதில் எந்த வித்தையும் இல்லை. 2025-26 சீசனின் தொடக்க விலைப்படி சலா 14.5, ஹாலண்ட் 14.0, பால்மர் 10.5. மொத்தம் 39 மில்லியன். மிச்சம் 61 மில்லியனுக்குப் பன்னிரண்டு பேர் வேண்டும். தலைக்கு ஐந்தும் கொஞ்சமும். தாராளமாக அடங்கும். அடங்கிய பிறகு அந்த அணி என்ன புள்ளி எடுக்கும் என்பதுதான் கேள்வி, அதற்கு யாரும் உறுதி தர முடியாது.

உங்களுக்கு ஏன் அடங்கவில்லை? கோல்கீப்பருக்கும் டிஃபெண்டருக்கும் குறைந்தபட்ச விலை 4.0, மிட்ஃபீல்டருக்கும் ஃபார்வர்டுக்கும் 4.5. உங்களுக்கு வேண்டிய நால்வருக்கும் மிகக் குறைந்த விலையே 17 மில்லியன். கையில் 14. மூன்று மில்லியன் இடிக்கிறது, அவ்வளவுதான். பால்மரை விட்டுவிட்டு 7.5-க்கு ஒரு மிட்ஃபீல்டரைப் போட்டால் இன்றே அணி பூர்த்தியாகிவிடும். ஆனால் அப்படிச் செய்யச் சொல்ல எனக்கு மனமில்லை, ஏனென்றால் பதினொருவருக்கு மேல் மாற்றாக பெஞ்சில் உட்காரும் நான்கு பேருமே ஆடாதவர்களாகிவிடுவார்கள்.

புதிதாக ஆடுபவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. கேப்டனின் புள்ளிதான் இரட்டிப்பாகும், கேப்டன் ஒருவர்தான். 14 மில்லியன் கொடுத்து ஹாலண்டை வாங்குவது அவர் கோல் போடுவார் என்பதற்காக மட்டுமல்ல. வாராவாரம் அந்த இரட்டிப்பை அவரிடம் ஒப்படைக்கலாம் என்பதற்காக. அதே வாரம் சலா உங்கள் அணியில் சாதாரண மிட்ஃபீல்டர். அவர் எடுத்த புள்ளி ஒரு மடங்குதான். கேப்டன் ஆகக்கூடியவருக்கு உரிய விலையைக் கொடுத்துவிட்டு, கேப்டனாக்காமல் வைத்திருக்கிறீர்கள். பால்மருக்கும் இதே கதைதான். சீசனில் எத்தனை வாரம் பால்மரைக் கேப்டனாக்குவீர்கள் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

"சலா 2024-25-இல் 344 புள்ளி எடுத்தாரே, ஒரு சீசனில் இதுவரை யாரும் எடுக்காததல்லவா?" என்பீர்கள். உண்மைதான். ஆனால் அப்போது அவர் விலை 12.5. விலை என்பது போன வருடத்துக் கணக்கு. வரும் வருடத்துக்கு அது எந்த உத்தரவாதமும் தராது. 2017-18-இல் இதே சலா 9 மில்லியனுக்குத் தொடங்கி 303 புள்ளி எடுத்தார். அடுத்த சீசனில் விலை 13, புள்ளி 259. ஹாலண்ட் 2022-23-இல் 11.5-க்கு வந்து 36 கோல், 272 புள்ளி. அடுத்த சீசனில் விலை 14, புள்ளி 217. இரண்டாவது வருடத்தில் இருவருமே மோசமாக ஆடவில்லை, விலைதான் அவர்களை முந்திக்கொண்டது. சலா 344 எடுத்த அதே 2024-25-இல், 7.0-க்குத் தொடங்கிய எம்பெயுமோ 236 எடுத்தார், 6.0-க்குத் தொடங்கிய கிறிஸ் வுட் 200 எடுத்தார். இருவரும் சேர்ந்து 13 மில்லியன், 436 புள்ளி. முதல் நாளே இந்த இருவரையும் சேர்த்துப் பிடித்தவர்கள் மிகக் குறைவு என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் இந்த நடுத்தர விலைக்காரர்களில் யாரோ இருவர் ஏறத்தாழ ஒவ்வொரு சீசனிலும் கிளம்புவார்கள். அவர்களை வாங்கக் கையில் பணமும் இடமும் இருக்க வேண்டும். மூன்று நட்சத்திரங்களை வைத்திருப்பவர் கையில் இரண்டும் இருக்காது.

அதனால் ஒரே ஒரு பெரிய கேப்டன். ஹாலண்ட் என்றால் ஹாலண்ட், சலா என்றால் சலா. சலாவை எடுப்பதாக இருந்தால் 2025 டிசம்பர் நடுவிலேயே ஆப்பிரிக்கக் கோப்பைக்கு எகிப்து அணியோடு போய்விடுவார் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இனி பெஞ்ச். ஆடாத ஆளை வாங்காதீர்கள். இதைத் திரும்பத் திரும்பச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. "4.0-க்கு டிஃபெண்டர் கிடைக்கிறார், பணம் மிச்சம்" என்பார்கள். பதினொருவரில் ஒருவர் களமிறங்காவிட்டால் பெஞ்சிலிருந்து ஆள் தானாக உள்ளே வருவார். வருபவர் அந்த வாரம் ஆடியிருக்க வேண்டும். 4.0-க்காரர் ஆடியிருக்க மாட்டார், நீங்கள் பத்துப் பேரோடு ஆடி முடிப்பீர்கள். அதுமட்டுமல்ல, குறைந்தது மூன்று டிஃபெண்டர் அணியில் இருந்தே ஆக வேண்டும். மூன்று டிஃபெண்டரோடு இறங்கி அதில் ஒருவர் ஆடவில்லை என்றால், பெஞ்சில் இருக்கும் மிட்ஃபீல்டர் இரண்டு கோல் போட்டிருந்தாலும் உள்ளே வர முடியாது. ஆடிய டிஃபெண்டர்தான் வர வேண்டும். நீங்கள் நான்கு டிஃபெண்டரோடு இறங்குவதால் ஒரு சுற்றுத் தப்பித்தீர்கள். இருவருக்குக் காயம் என்றால் நீங்களும் மாட்டுவீர்கள்.

இதற்கு ஒரே விதிவிலக்கு இரண்டாவது கோல்கீப்பர். அவர் ஆட வேண்டாம், 4.0 போதும். கோல்கீப்பரை நடுவில் மாற்றுவது அரிது, வாரம் விட்டு வாரம் மாற்றி ஆடவிடுவதும் அரிது. அதனால் முதல் கோல்கீப்பர் சீசன் முழுக்க ஆடினால் இரண்டாமவருக்கு வேலையே இல்லை. ஆனால் இந்த விதிவிலக்குக்கும் சில நிபந்தனைகள் உண்டு. முதல் கோல்கீப்பரின் இடம் அவருடைய கிளப்பில் உறுதியாக இருக்க வேண்டும். புதிதாக இன்னொருவரை விலைகொடுத்து வாங்கியிருக்கும் கிளப் என்றால் யோசியுங்கள். அதே கிளப்பின் மாற்றுக் கோல்கீப்பர் 4.0-க்குக் கிடைத்தால் அவரையே எடுங்கள், முதலாமவருக்கு அடிபட்டால் இவர் இறங்குவார். ஆனால் ஒரு கிளப்பிலிருந்து மூன்று பேர்தான் என்பதால், அந்த மூன்றில் ஓர் இடம் இவருக்குப் போய்விடும். லிவர்பூல், மான்செஸ்டர் சிட்டி, ஆர்சனல் போன்ற கிளப்பில் அந்த இடத்தை வீணாக்குவது முட்டாள்தனம். சிறிய கிளப் என்றால் பரவாயில்லை. பெஞ்ச் பூஸ்ட் போடும் வாரத்தில் பெஞ்சின் புள்ளியும் சேரும் என்பதால் அன்று மட்டும் ஆடும் கோல்கீப்பர் வேண்டும். அதற்கு முந்தைய வாரம் வைல்டு கார்டை (புள்ளி கழியாமல் எத்தனை பேரை வேண்டுமானாலும் மாற்றும் சலுகை) போட்டு மாற்றிக்கொள்ளலாம். இதையெல்லாம் படித்துக் குழம்பினால், 4.0-க்கு யாரையாவது போட்டுவிட்டு மறந்துவிடுங்கள்.

மலிவு டிஃபெண்டர் வேண்டுமென்றால் 4.5-க்கோ 5.0-க்கோ தொண்ணூறு நிமிடமும் ஆடும் சென்டர் பேக்காக (நடுவில் நிற்கும் டிஃபெண்டர்) பாருங்கள். 2025-26 முதல், பந்தைத் தடுப்பது, விரட்டுவது, குறுக்கே புகுந்து எடுப்பது, டேக்கிள் செய்வது எல்லாம் சேர்ந்து ஒரு மேட்சில் பத்து ஆனால் டிஃபெண்டருக்கு 2 புள்ளி. கோல் வாங்கிக்கொண்டே இருக்கும் சிறிய கிளப்பின் சென்டர் பேக்குக்கு இது கணிசமான வருமானம்.

அடுத்த பொறி விலையேற்றம். இரவில் விலை 0.1 ஏறும், இறங்கும். "இன்று இரவு ஏறப்போகிறது, உடனே வாங்கு" என்று கத்துவதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. 0.1-க்காகத் திங்கட்கிழமையே வாங்குவீர்கள், அந்த ஆள் வியாழக்கிழமை பயிற்சியில் காயம்பட்டு வெளியேறுவார். அவரை மாற்ற இன்னொரு டிரான்ஸ்ஃபர் (ஆள் மாற்றம்) வேண்டும், இலவச டிரான்ஸ்ஃபர் தீர்ந்திருந்தால் 4 புள்ளி கழியும். சரி, விலை ஏறியே விட்டது என்று வைத்துக்கொள்வோம். லாபம் முழுதும் உங்களுக்கு வருகிறதா? இல்லை. 7.5-க்கு வாங்கியவர் 7.8 ஆனால், விற்கும்போது 7.6-தான் தருவார்கள். லாபத்தில் பாதி, அதையும் கீழே உருட்டிவிடுவார்கள். இறங்கினால் மட்டும் நஷ்டம் முழுக்க உங்கள் தலையில். விற்றவரை மறுபடி வாங்க வேண்டுமா, 7.8 முழுசாகக் கட்டுங்கள். விலை எத்தனை டிரான்ஸ்ஃபருக்கு எவ்வளவு ஏறும் என்ற சூத்திரத்தையும் வெளியில் சொல்வதில்லை. இத்தனை வருடங்களில் விதிகளை எத்தனையோ முறை மாற்றினார்கள், ஒவ்வொரு சீசனும் ஏதாவது புதிதாக ஒட்டுகிறார்கள். இந்தப் பாதி லாபக் கணக்கையும் ரகசியச் சூத்திரத்தையும் தொடக் கூட மனமில்லை. அந்த மூடுமந்திரம் இருப்பதால்தான் "விலை ஏறும் ரகசியம் என்னிடம் இருக்கிறது" என்று சொல்லி ஆட்கள் பிழைக்கிறார்கள். விலைக் கணிப்பு வேண்டுமென்றால் இலவசத் தளங்களே இருக்கின்றன, அவையும் அடிக்கடி தப்பும். டெட்லைன் அந்த வாரத்து முதல் மேட்சுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு. பயிற்சியாளர்களின் பேட்டி வந்த பிறகு, அதற்குச் சற்று முன் டிரான்ஸ்ஃபர் செய்யுங்கள்.

இப்போது உங்கள் அணிக்கே வருகிறேன். ஹாலண்டை வைத்துக்கொள்ளுங்கள், பால்மர் மேல் ஆசை என்றால் அவரும் இருக்கட்டும். சலாவை விட்டுவிட்டு 7.5-க்கு பெனால்டி அடிக்கும் மிட்ஃபீல்டர் ஒருவரைப் போடுங்கள். 7 மில்லியன் திரும்பி வரும், கையில் 21. கோல்கீப்பர் 4.0, டிஃபெண்டர் 4.5, மிட்ஃபீல்டர் 5.5, ஃபார்வர்டு 5.5 என்றால் 19.5. கோல்கீப்பரைத் தவிர மூவரும் வாராவாரம் களமிறங்குபவர்களாக இருக்கட்டும். மிச்சம் 1.5-இல், முதல் பதினொருவரில் இருக்கும் மலிவு டிஃபெண்டர் ஒருவரை ஒரு மில்லியன் கூடுதலாகக் கொடுத்து நல்லவராக மாற்றுங்கள். ஹாலண்டை விட்டுச் சலாவைக் கேப்டனாக்குவதானாலும் இதே கணக்குத்தான். மிட்ஃபீல்டருக்குப் பதில் 7.5-க்கு ஒரு ஃபார்வர்டு எடுப்பீர்கள், அரை மில்லியன் குறையும்.

ஹாலண்ட் வழியில் போனால் கடைசியில் 0.5 மிஞ்சும். அதைச் செலவழித்தே ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், வங்கியில் கிடக்கட்டும். நான்காவது வாரத்தில் யாராவது ஒரு 6.0-க்காரர் கிளம்பும்போது, உங்கள் 5.5-க்காரரைக் கொடுத்துவிட்டு ஒரே டிரான்ஸ்ஃபரில் அவரை எடுக்க அந்த 0.5 போதும்.